4294967297: ஃபெர்மா சொன்னால் பகா எண்ணாகிவிடுமா?

கேள்வி: 4294967297-ஐ 100 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தேன். ஒன்றாலும் வகுபடவில்லை. 2-ஐ வைத்துச் செய்யும் ஃபெர்மா சோதனையிலும் (எண்ணில் ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி எண்ணால் வகுத்தால் மீதி 1 வரவேண்டும்) தேறிவிட்டது. கணித மேதை ஃபெர்மாவே இதைப் பகா எண் என்று நம்பினாராம். நீங்கள் மட்டும் இல்லை என்கிறீர்களே?

பதில்: 641-ஆல் வகுத்துப் பாருங்கள். 6700417 வரும், மீதி கிடையாது.

100-இல் நிறுத்தியது முதல் பிசகு. வகுத்தே நிரூபிப்பதானால் வர்க்கமூலம் வரை போயாக வேண்டும். இந்த எண்ணுக்கு அது 65536-ஐச் சற்றே தாண்டும். அதற்குள் இருக்கும் பகா எண்கள் 6542. நீங்கள் தொட்டது 25.

சோதனை விஷயம் அதைவிட மோசம். உங்கள் எண் 2³²+1. அந்த எண்ணால் வகுத்தால் 2³²-க்கு மீதி −1 (மீதியின்றி வகுபட 1 குறைகிறது), 2⁶⁴-க்கு மீதி 1. சோதனை கேட்பது 2-இன் எத்தனையாவது அடுக்கு? எண்ணில் ஒன்று குறைய, அதாவது 2³²ஆவது அடுக்கு. அது 64-இன் மடங்கு. மீதி 1 வராமல் வேறு என்ன வரும்? 2-இன் வயிற்றில் பிறந்த எண்ணுக்கு 2-ஐயே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள்!

3-ஐக் கூப்பிடுங்கள். பிரெஞ்சுக் கணிதவியலர் பெப்பான் 1877-இல் தந்த முறையின் வழியில்: 3-ஐ வர்க்கப்படுத்துங்கள், எண்ணால் வகுங்கள், மீதியை மறுபடி வர்க்கப்படுத்துங்கள். இப்படி 31 தடவை. கடைசி மீதி 4294967296 ஆனால்தான் பகா எண். ஆகாது. சாதாரண கால்குலேட்டரில் இதைச் செய்யாதீர்கள்: நடுவில் வரும் வர்க்கங்கள் 20 இலக்கம் வரை போகும், அது வால் பக்கத்தை வெட்டிவிடும், அப்புறம் வருகிற மீதியெல்லாம் குப்பை. நிரலில் 32 பிட் முழு எண்ணாக வைத்தாலோ இந்த எண்ணே 1 ஆகிப்போகும். பைதான் நிரல்மொழி இவ்வளவு நீள எண்களைச் சிதைக்காது.

ஃபெர்மா இதற்கு நிரூபணம் எதுவும் தரவில்லை. 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள் (ஒவ்வொன்றிலும் 1 கழித்து, வர்க்கப்படுத்தி, 1 கூட்டினால் அடுத்தது வரும்). அந்த வரிசையில் அடுத்ததும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார். 1732-இல் கணிதவியலர் ஆய்லர் 641-ஐக் காட்டினார். இதன் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கோடு 1 சேர்ந்ததாகவே இருக்கும் என்று நிறுவியவரும் அவரே. அந்த வகைப் பகா எண்களை எழுதுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே ஆள் அகப்படுகிறார். 6542 எங்கே, 5 எங்கே!

இந்த வரிசையில் 65537-க்குப் பிறகு ஒரு பகா எண்கூட இதுவரை அகப்படவில்லை.

வகுக்கவும் சோம்பலா? 641 என்பது 5×2⁷+1, அதுவே 5⁴+2⁴-உம்கூட. முதலாவதன்படி 641-ஆல் வகுக்க 5×2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். போட்டால் −2³²-க்கு மீதி 1. அப்படியானால் 2³²+1-க்கு மீதி 0.