பழைய பிக்கப் வண்டி 60-ஐத் தாண்டினால் நடுங்குகிறது, கிளம்பும்போது ‘டொக்’ என்கிறது. எந்தப் பாகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவர் சொன்னது இது: 2010 மாடல் டீசல் பிக்கப், மூன்றாவது கை. 60-க்கு மேல் போனால் சீட்டுக்கு அடியில் நடுக்கம். முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டதும் கீழே ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஒரு மெக்கானிக் கிரவுன் பினியன் (பின் அச்சுக்குள் இருக்கும் பல் சக்கர ஜோடி) மாற்ற வேண்டும் என்கிறார், இன்னொருவர் நாலு டயரையும் மாற்றச் சொல்கிறார்.

இரண்டையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் எனக்கு ஷாஃப்ட் மேல்தான், அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளக் குழாய் மேல்தான், முதல் சந்தேகம். ஆனால் என் பேச்சை நம்பியும் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு மணி நேரம் செலவழித்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

நான் மெக்கானிக் இல்லை. காவேரிப்பட்டணம் பக்கம் 14 வருடமாகப் பிக்கப் ஓட்டுகிறேன். மாங்காய் சீசனில் சந்தூர், போச்சம்பள்ளி தோப்புகளிலிருந்து கூழ் ஃபேக்டரிக்கு பெங்களூரா காய் ஏற்றுவேன். மற்ற நாட்களில் பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளி. உங்களுக்கு வந்த இதே நடுக்கத்துக்காக நான் ஒரு வருடம் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கியிருக்கிறேன். டயர் மாற்றினேன், பேலன்ஸ் பார்த்தேன், கியர்பாக்ஸ் மவுண்டிங் கூட மாற்றினேன். கடைசியில் எந்தப் பாகத்திலும் கோளாறு இல்லை. பூட்டியதில் கோளாறு. அந்தக் கதையைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

முதலில் ஒரு துண்டுச் சீட்டு எடுத்து, சத்தம் எப்போது வருகிறது என்று எழுதுங்கள். எங்கே வருகிறது என்று காதை வைத்துத் தேடினால் ஏமாந்து போவீர்கள். சேசிஸ் இரும்பு சத்தத்தைக் கடத்தும். பின் வீல் பேரிங் அலறினால் டிரைவர் காலுக்கடியில் கேட்கும். ஆனால் நேரம் பொய் சொல்லாது. எந்த வேகத்தில்? ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதா, விடும்போதா? வளைவிலா, நேர் ரோட்டிலா? காலி வண்டியிலா, லோடிலா?

விடியற்காலையில் காவேரிப்பட்டணத்துக்கும் காரிமங்கலத்துக்கும் நடுவில் ரோடு காலியாக இருக்கும். அப்படி ஒரு சமதளமான இடம் பாருங்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். டாப் கியரில் 65-க்குப் போய் நடுக்கம் வந்ததும், ஒரு கியர் குறைத்து அதே 65-ஐப் பிடியுங்கள். இன்ஜின் சுற்று ஏறிவிட்டது, வண்டி வேகம் அதேதான். நடுக்கம் மாறாமல் இருந்தால் இன்ஜினையும் கிளட்சையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். மீதி ஷாஃப்ட், ஹவுசிங் (கிரவுன் பினியன் உட்கார்ந்திருக்கும் பின் அச்சுக் கூடு), வீல், டயர் மட்டும்தான். இதே வேகத்தில் ஒரு முறை நியூட்ரலுக்கு எடுத்து வண்டியை உருள விட்டும் பார்க்கலாம். சமதளத்தில் மட்டும். இறக்கத்தில் எந்தக் காரணத்துக்காகவும் நியூட்ரல் வேண்டாம்.

அடுத்தது டயரா, ஷாஃப்ட்டா என்ற கேள்வி. இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்குச் சுமார் 16.7 மீட்டர். பிக்கப் டயர் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போல உருளும் என்று வையுங்கள். விநாடிக்கு ஏழரைச் சுற்று வரும். பினியனில் 10 பல், கிரவுனில் 41 பல் இருந்தால் ஷாஃப்ட் அதைவிட நாலு மடங்குக்கு மேல் சுற்றும், விநாடிக்கு 31 சுற்று. அதனால் டயர் நடுக்கம் ‘தம் தம் தம்’ என்று எண்ணிவிடலாம் போல இருக்கும். முன் டயராக இருந்தால் ஸ்டீயரிங்கில் தெரியும். ஷாஃப்ட் நடுக்கத்தை எண்ண முடியாது. உள்ளங்காலில் ‘ர்ர்ர்’ என்று ஓடும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்கித் தெரியும்.

டயர் என்று தோன்றினால் பணம் செலவழிக்கும் முன் ரிம்மின் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். மழை நாளில் கேழ்வரகுக் கொல்லையில் இறங்கி ஏறிய வண்டியில் செம்மண் உள்ளே அப்பிக் காய்ந்து கல்லாக நிற்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் போதும், 60-ல் வண்டி ஆடும். சுரண்டி எடுத்தால் நின்றுவிடும். வீல் நட்டு இறுக்கத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இனி கீழே படுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைக்க வேண்டும், முன் வீல்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் பின் வீலைத்தான் பிடிக்கிறது. பின்பக்கம் தூக்கிய வண்டியை அது நிறுத்தாது. ஆள் கீழே இருக்கும்போது இன்ஜின் ஓடக் கூடாது. எதையாவது தூக்காமலே பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. கிராஸ் (ஷாஃப்ட் முனையில் கோணம் மடங்க விடும் கூட்டல் குறி வடிவ இணைப்பு) பார்ப்பதற்குத் தூக்கவே தேவையில்லை: நாலு வீலுக்கும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் விட்டால் போதும்.

ஷாஃப்டை ஒரு கையாலும், அது போய்ச் சேரும் யோக்கை (கிராஸைப் பிடித்திருக்கும் இரண்டு காது உள்ள கவை) இன்னொரு கையாலும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். பிறகு மேலும் கீழுமாக ஆட்டுங்கள். நடுவில் இருக்கும் கிராஸில் துளி ஆட்டம் கூட இருக்கக் கூடாது. ஹவுசிங் பக்கம் ஷாஃப்ட் முழுக்கக் கொஞ்சம் திரும்பி நிற்பது வேறு, அது கிரவுன் பினியன் பற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி, ஓரளவு எல்லா வண்டியிலும் உண்டு. புது மெக்கானிக்குகள் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘கிரவுன் போச்சு’ என்று சொல்லிவிடுகிறார்கள். கிராஸின் முனைகளை மூடியிருக்கும் கப்பைச் சுற்றித் துருப்பொடி, செங்கல் தூள் மாதிரி, படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்து ஊசி பேரிங் அரைபடுகிறது என்று அர்த்தம். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போல ‘கீச் கீச்’ என்று கேட்டு, வேகம் கூடக் கூட அதுவும் வேகமாகக் கேட்டால் அதுவும் கிராஸ்தான். கிளம்பும்போது வரும் ‘டொக்’, கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது வரும் ‘டொக்’, இரண்டுக்கும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அப்படியே நடுவில் வந்து, ஷாஃப்டை ரப்பரில் தாங்கி நிற்கும் சென்டர் பேரிங்கைப் பாருங்கள். ஷாஃப்டைக் கையால் தூக்கினால் ரப்பர் பிடித்து இழுக்க வேண்டும். தொளதொளவென்று ஏறி இறங்கினால் ரப்பர் கிழிந்துவிட்டது. லோடு வண்டி கிளம்பும்போது முதல் பத்து, இருபது அடிக்கு உதறி, பிறகு அடங்குவது இதன் குணம்.

ஷாஃப்ட் குழாயையும் ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். கல் அடித்த பள்ளம் இருக்கிறதா? பேலன்ஸுக்காக ஒட்டிய சின்னத் தகடு கழன்று விழுந்திருந்தால் அந்த இடம் மட்டும் சதுரமாக வேறு நிறத்தில் தெரியும். சணல் கயிறு, வலை, வைக்கோல் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். தக்காளிப் பெட்டி கட்டும் நைலான் கயிறு என் ஷாஃப்டில் ஒரு முறை ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றியிருந்தது.

சரி, என் கதை. ஒரு பட்டறையில் கிராஸ் மாற்றினேன். கிராஸ் போட்டுக் கொடுத்த அன்றே நடுக்கம் ஆரம்பித்தது. பழைய ‘கீச்’ போய்விட்டதால் அந்த வேலை சரியாகத்தான் நடந்தது என்று நினைத்துக்கொண்டேன். நடுக்கத்துக்கு வேறு காரணம் தேடித் தேடி ஒரு வருடம் முழுக்கப் போயிற்று. தருமபுரியில் ஷாஃப்ட் வேலை மட்டும் செய்யும் ஒரு வயதான லேத்துக்காரரிடம் கடைசியாகக் கொண்டுபோனேன். அவர் கழற்றக்கூட இல்லை. குனிந்து பார்த்துவிட்டு, “தம்பி, இந்த யோக்கைப் பாரு, அந்த யோக்கைப் பாரு” என்றார். சென்டர் பேரிங் பக்கத்து யோக்கின் காது நெட்டுக்குத்தாக நின்றது. ஹவுசிங் பக்கத்து யோக்கின் காது சாய்ந்து நின்றது. அவ்வளவுதான் கோளாறு.

இதன் காரணம் தெரிந்தால் உங்களுக்கு மறக்காது. கிராஸ் கோணத்தில் சுற்றும்போது, இந்தப் பக்கம் சீராகத் திருப்பினாலும் அந்தப் பக்கம் சீராகத் திரும்பாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள கிராஸ் அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே திருப்பிச் சரிக்கட்டிவிடும். ஆனால் இரண்டு முனை யோக்கும் ஒரே நேராக நின்றால்தான் சரிக்கட்டும். நடுவில் நீண்டு சுருங்குவதற்காக ஸ்ப்ளைன் பல் வெட்டிய ஜாயின்ட் இருக்கிறதே, அதை உருவிவிட்டு ஒன்றிரண்டு பல் தள்ளிச் செருகினால், சரிக்கட்ட வேண்டியது சேர்ந்து அடிக்கும். கழற்றும்போது அடையாளம் போடவில்லை. கம்பெனி போட்ட அம்புக்குறி கிரீஸுக்கும் மண்ணுக்கும் அடியில் இருந்தது, யாரும் துடைத்துப் பார்க்கவில்லை.

அவர் அதை உருவி, அம்புக்கு அம்பு சேர்த்துச் செருகினார். அரை மணி நேர வேலை. அன்று திரும்பும்போது 70-ல் டேஷ்போர்டு மேல் வைத்த தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் அசையாமல் நின்றது. வண்டியை ஓரம் கட்டி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் உங்கள் வண்டியில் கிராஸ் மாற்ற நேர்ந்தால் பக்கத்தில் நில்லுங்கள். கழற்றும் முன் ஸ்ப்ளைனிலும், போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளேஞ்ச் தட்டிலும் பெயிண்டால் கோடு போடச் சொல்லுங்கள்; சாக்பீஸ் டீசல் பட்டால் அழிந்துவிடும். கப்பைத் தட்டி ஏற்றும்போது உள்ளே ஒரு ஊசி சாய்ந்து விழுந்தால் கப் முழுக்க இறங்காது, கப்பைப் பிடித்து நிறுத்தும் லாக் அதன் பள்ளத்தில் உட்காராது. அங்கே சுத்தியலால் அடித்து உட்கார வைக்கிறார்கள் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். போட்டு முடித்த கிராஸ் கையால் நாலு பக்கமும் எங்கும் பிடிக்காமல் திரும்ப வேண்டும். கிரீஸ் அடிக்கும்போது நாலு கப்பிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். ஒரு கப்பில் வரவில்லை என்றால் அந்தக் கப் சீக்கிரம் போகும்.

இன்னொன்றும் எங்கள் பக்கத்தில் அதிகம். மாங்காய் லோடுக்காகப் பின்னால் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்போம். காலி வண்டி தூக்கிக்கொண்டு நிற்கும், ஹவுசிங் மூக்கின் கோணம் மாறிவிடும். இப்படிப்பட்ட வண்டி காலியாகப் போனால் நடுங்கும், லோடு ஏற்றினால் அமைதியாகிவிடும். உங்கள் வண்டியில் இது பொருந்துகிறதா என்று பாருங்கள். மூன்றாவது கை என்கிறீர்கள், முன்னால் வைத்திருந்தவர் பட்டை சேர்த்தாரா என்று கேட்டால் தெரிந்துவிடும். பட்டைகளை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட் இறுக்கமும், பட்டைகளை நடுவில் சேர்க்கும் சென்டர் போல்ட்டும் கூடவே பாருங்கள்.

ஹவுசிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பிரச்சினை அதுவாக எனக்குத் தெரியவில்லை. கிரவுன் பினியன் தேய்ந்தால் நடுக்கத்தைவிட ‘ஊங்ங்’ என்ற ஓலம்தான் முதலில் வரும். மிதித்தால் ஒரு மாதிரி, விட்டால் வேறு மாதிரி மாறும். டயர் இரைச்சல் மிதித்தாலும் விட்டாலும் மாறாது, ரோட்டின் சொரசொரப்புக்குத்தான் மாறும். வீல் பேரிங் இரைச்சல் வளைவில் மாறும். வலப்பக்கம் திரும்பும்போது சுமை இடப்பக்கம் சாயும், அப்போது கூடினால் இடது பேரிங். கிரவுன் மாற்றச் சொன்னவரிடம் முதலில் ஹவுசிங் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். ஆயில் ஓட்டையின் விளிம்பு வரை இருக்க வேண்டும். விரலில் தொட்டு வெயிலில் காட்டினால் இரும்புத் தூள் மினுமினுக்கிறதா? சில்லாக வந்தால் அவர் சொல்வது சரி. வெறும் கறுப்பு என்றால் மேனுவலில் சொன்ன ஆயிலை மாற்றிவிட்டு, மேலே உள்ள மூச்சுக்குழாயில் மண் அடைத்திருந்தால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் உள்ளே காற்று அழுத்தம் கூடி ஆயில் சீல் வழியாக வெளியே வரும், பிரேக் லைனர் வரை நனைத்துவிடும்.

உங்கள் வண்டிக்கு நான் செய்வதானால் இந்த வரிசையில் போவேன்: ரிம் மண், வீல் நட்டு, கிராஸ் இரண்டோ மூன்றோ, சென்டர் பேரிங், யோக் இரண்டும் நேராக நிற்கிறதா, பிறகு பட்டை. இதற்குள் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். கிடைக்காவிட்டால் ஷாஃப்டைக் கழற்றி லேத்தில் சுற்றிப் பார்க்கக் கொடுங்கள். நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஓடினால் நெளிவு இருக்கிறது.

அதுவரை ‘டொக்’ சத்தத்தோடு லோடு ஏற்றித் தொப்பூர் கணவாயில் இறங்காதீர்கள். கிராஸ் அறுந்தால் ஷாஃப்ட் கீழே விழுந்து ரோட்டில் குத்தும், பக்கத்தில் ஓடும் பிரேக் பைப்பையும் அடிக்கும். அந்த நொடியே கியர் பிடிப்பும் போய்விடும். அந்த இறக்கத்தில் முழு லோடையும் வெறும் பிரேக்கை நம்பி விடக் கூடாது. பார்த்துவிட்டு என்ன கிடைத்தது என்று இங்கே எழுதுங்கள், கிராஸ் கப்பைப் படம் எடுத்துப் போட்டாலும் பார்த்துச் சொல்கிறேன்.