ஷாஃப்ட் ஏன் முறிந்தது?

கேள்வி: எங்கள் தேங்காய் நார் பிரிக்கும் இயந்திரத்தின் ஷாஃப்ட், 11 ஆண்டுகள் ஓடிய பிறகு, சுமை குறைவாக இருந்த ஒரு நாளில் இரண்டாக முறிந்தது. முறிந்த முகத்தின் பெரும்பகுதி வழவழப்பாகவும், ஓர் ஓரம் மட்டும் சர்க்கரைபோல் மணிமணியாகவும் இருக்கிறது. இரும்பு நாளடைவில் ‘உள்ளே படிகமாகிவிட்டது’ என்கிறார் லேத் பட்டறைக்காரர். இது சரியா? முறிவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: சரியல்ல, இரும்பு வார்த்த நாளிலிருந்தே படிகங்களால் ஆனதுதான். ஆனால் பட்டறைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் என்ஜின் அச்சு முறிந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்த காலத்தில், பொறியாளர்கள் பலரும் இதையே நம்பினார்கள். முறிந்த அச்சுகளை ஆராய்ந்த ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின், தடிமன் திடீரென மாறும் மூலையில் விரிசல் தொடங்கிச் சிறிது சிறிதாக உள்ளே பரவுகிறது என்று 1843-இல் எழுதினார்.

உங்கள் துண்டிலும் அந்தக் கதைதான் பதிந்திருக்கிறது. வழவழப்பான பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கிளிஞ்சல் ஓட்டில் காண்பதுபோன்ற வளைகோடுகள் தெரியக்கூடும். அவை சுருங்கிச் சென்று சேரும் இடமே விரிசல் பிறந்த இடம். பெரும்பாலும் அது கீவேயின் (புல்லியைப் பூட்டும் சாவிக்காக ஷாஃப்ட்டில் வெட்டிய பள்ளத்தின்) கூரிய மூலையாக இருக்கும். விரிசலின் இரு முகங்களும் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றோடொன்று உரசியதால் அப்பகுதி வழவழப்பானது. மிஞ்சிய சிறு பகுதி தாங்க முடியாமல் ஒரே நொடியில் பிய்ந்ததால் மணிமணியாக இருக்கிறது. அந்தப் பகுதி இவ்வளவு சிறியதாக இருப்பதே, கடைசி நாளில் சுமை அதிகமில்லை என்று நீங்கள் சொல்வதற்குச் சாட்சி.

பெல்ட்டின் இழுப்பில் இலேசாக வளைந்தபடி சுழலும் ஷாஃப்ட்டின் மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை இழுபட்டும் அழுந்தியும் போகிறது. நிமிடத்துக்கு 600 சுற்று என்று வைத்துக்கொண்டால், 8 மணி நேர வேலைக்கு 2,88,000 முறை.

இங்குதான் ஒரு முடிச்சு இருக்கிறது. ஏறக்குறைய ஒரு கோடிச் சுழற்சியைத் தாங்கிய எஃகு, அதே சுமையில் அதற்குப் பிறகு பொதுவாக முறிவதில்லை. பிரஷ்ய ரயில்வேப் பொறியாளர் வோலர் ரயில் அச்சுகளைக் கொண்டு செய்த நெடுங்காலச் சோதனைகளிலிருந்து பிறந்த பாடம் இது. (அலுமினியத்துக்கு இப்படிப்பட்ட தெளிவான எல்லை கிடையாது.) உங்கள் ஷாஃப்ட் அந்த ஒரு கோடியை முதல் ஐந்தாறு வாரங்களிலேயே கடந்திருக்கும். எனவே வயதைக் குற்றம் சொல்வதைவிட, அண்மையில் என்ன மாறியது என்று தேடுவதே பயன் தரும்: பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினார்களா, தேய்ந்த பேரிங்கால் ஷாஃப்ட் ஆட்டத்துடன் ஓடியதா, ஈர நார்க்கழிவு படிந்து துரு குழி பறித்ததா? என் சந்தேகம் துருவின் மீதுதான். ஈரமும் துருவும் சேர்ந்தால் வோலர் கண்ட எல்லையே எஃகுக்கு இல்லாமல் போகிறது.

முறிந்ததை வெல்டிங் செய்து ஓட்டாதீர்கள். புதிய ஷாஃப்ட் கடையும்போது, தடிமன் மாறும் இடத்தைக் கூரிய படியாக விடாமல் உருட்டி இறக்கச் சொல்லுங்கள்.

சோதிப்பதற்குப் பழைய ரயில்வேப் பட்டறை முறையே போதும். கிரீஸ் போகத் துடைத்த ஷாஃப்ட்டில் மண்ணெண்ணெய் தடவி அரைமணி நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்தபின் சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால், உள்ளே ஒளிந்திருக்கும் எண்ணெய் வெளியே கசிந்து வெள்ளையின்மேல் ஈரக் கோடாகத் தெரியும்.