நூலைத் திட்டாதீர்கள், மூலையை எண்ணுங்கள்

கேள்வி: பாசிமணியில் பெயோட் பின்னல் (முந்தைய சுற்றின் மணிகளுக்கு இடையே ஒவ்வொரு மணியாகக் கோக்கும் பின்னல்) போட்டு முக்கோணக் கம்மல் செய்கிறேன். ஐந்தாவது சுற்றில் தட்டையாக இல்லாமல் கிண்ணம் மாதிரி குழிந்துவிட்டது. நூலை இறுக்கி இழுத்ததாலா?

பதில்: பாவம், நூலின் மேல் பழி போடாதீர்கள். மூலைகளைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று மூலைகளிலும் இரண்டிரண்டு மணி, பக்கங்களில் இடைவெளிக்கு ஒன்று. மூலையில் ஒற்றை மணி விழுந்தால் சுற்றளவு போதாமல் குழியும். டிவி பார்த்துக்கொண்டே பின்னி ஏழு சுற்றைப் பிரித்தவள் நான்!

சுற்று முடிந்ததும், அந்தச் சுற்றின் முதல் மணிக்குள் ஊசியை நுழைத்து அடுத்த சுற்றுக்கு மேலேறினீர்களா? அதை மறந்தால் கணக்கே குளறுபடி.

இதே முறையில் நான்கு மூலை வைத்தால் சதுரம் தட்டையாக வராது, அலைபோல் நெளியும். அது தப்பில்லை. எனக்கு முக்கோணத்தைவிட அந்த நெளிசல்தான் பிடிக்கும்.

கம்மல் தடிமனாக வேண்டுமா? இரண்டு முக்கோணம் பின்னி, ஒன்றுக்கு மட்டும் ஒரு சுற்று கூடுதலாகப் போடுங்கள். அந்தச் சுற்றின் மூலைகளில் மட்டும் ஒற்றை மணி. அப்புறம் இரண்டின் ஓரத்தையும் ஜிப் மாதிரி பல்லுக்குப் பல் கோத்துத் தையுங்கள். உருண்டை மணியைவிட 11ஆம் அளவு சிலிண்டர் மணியில் (குழாய் வடிவச் சிறு மணி) ஓரம் நேராக நிற்கும்.