கதைச்சா மட்டும் சுகம் வருமா?

கேள்வி: என் கணவருக்கு ஐந்து மாதமாக மனச்சோர்வு. வைத்தியர் குளிசையும் தந்து, உளவளத்துணைக்கும் அனுப்பினார். நாலு தரம் போய்விட்டு, "சும்மா கதைக்கிறதுதானே, அதை வீட்டிலயே கதைக்கலாம்" என்கிறார். நிப்பாட்டலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: இப்போது நிப்பாட்ட வேண்டாம். அடுத்த தரம் போகும்போது அவர் ஒன்று கேட்கட்டும்: "நாங்கள் எதுக்காக, என்ன செய்துகொண்டிருக்கிறம்?" அவரும் உளவளத்துணையாளரும் இதற்கு வெவ்வேறு பதில் வைத்திருந்தால் பிழை அங்கேதான். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் இந்த உறவுக்கு மூன்று பகுதி சொன்னார்: போய்ச்சேர வேண்டிய இடம், அதற்கான வேலை, இருவருக்கும் இடையிலான பிடிப்பு. எங்கள் ஆட்கள் மூன்றாவதை மட்டும் பார்த்து "நல்ல மனிசன்" என்று வந்துவிடுகிறார்கள். அது போதாது.

போய்ச்சேர வேண்டிய இடம் "நிம்மதி வேணும்" என்றால் அதை அளக்க முடியாது. "வாரத்தில் நாலு நாள் கடை திறக்கவேணும்" என்பதை அளக்கலாம். மனச்சோர்வில், மனம் வந்தபிறகு செய்வோம் என்றிருந்தால் மனம் வராது. செய்தபிறகுதான் கொஞ்சம் வரும். அதனால் ஒரு கொப்பியில் இப்படி எழுதச் சொல்வார்கள்: "பின்னேரம் 5.30, கடற்கரையில் 15 நிமிட நடை. போகமுன் மனநிலை 10க்கு 2, வந்தபின் 4." ஒரு மணித்தியாலம் நட என்றால் முதல் நாளே விட்டுவிடுவார். அது சோம்பல் அல்ல, அளவு பிழை. ஐந்து நிமிடமாகக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

முன்னேற்றத்தைப் பார்க்க பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பி, 5 புள்ளி குறைந்தால் நல்ல அசைவு. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம். அதில் 0 தவிர எது வந்தாலும் அடுத்த தவணை மட்டும் காத்திராமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், அல்லது மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு அழையுங்கள். வழமையான சிகிச்சை 12 முதல் 20 அமர்வு போகும். ஏழெட்டு அமர்வாகியும் புள்ளி அசையவில்லையென்றால் முறையையோ ஆளையோ மாற்றுவது பற்றிக் கூச்சப்படாமல் கேட்கலாம். குளிசையை மட்டும் தானாக நிப்பாட்டக் கூடாது.

உங்களுக்கும் ஒன்று: வாசலில் வைத்தே "என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்காதீர்கள். வீட்டில் சொல்லவேண்டி வரும் என்று தெரிந்தால், அங்கேயும் மறைப்பார்.

கேள்வி: கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறினால் நெஞ்சு அடிக்கும், மூச்சு முட்டும். இருதயத்தில் ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். உளவளத்துணை செய்யும் அம்மா அந்தப் பாலத்தாலேயே போகச் சொல்கிறா. இது சிகிச்சையா?
– வாசகர், கிண்ணியா

பதில்: ஆம், பயத்துக்கு நன்றாக வேலைசெய்யும் சிகிச்சைகளில் ஒன்று. பாலத்துக்கு முன்னாலேயே இறங்கினால் உடனே ஆறுதல் வரும். அந்த ஆறுதல்தான் பயத்துக்குச் சோறு போடுகிறது. போகமுன் "என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்" என்று எழுதுங்கள். அக்கரையில் இறங்கியதும் உண்மையில் நடந்ததை அதன் பக்கத்தில் எழுதுங்கள். ஒருநாள் போய்விட்டு ஒரு மாதம் விட்டால் பலன் இல்லை. வாரத்தில் மூன்று நாலு தரமாவது வேண்டும். தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டும், கண்ணை மூடிக்கொண்டும் போனால், தப்பியது அதனால்தான் என்று மனம் கணக்குப் போடும். துணைக்கு வரும் மகனையும் ஐந்தாறு தரத்துக்குப் பிறகு வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.