அப்ரைசல் குறைவாக வந்தால் மீதிப் பணம் யார் தலையில்?

கேள்வி: அமெரிக்காவில் வீடு தேடுகிறோம். போட்டியில் இரண்டு வீடுகள் கைநழுவிப் போய்விட்டன. இப்போது பார்த்திருக்கும் வீட்டுக்கு 6,40,000 டாலர் ஆஃபர் கொடுக்கலாம் என்கிறார் எங்கள் ஏஜென்ட். 20 சதவீதம் டவுன் பேமெண்ட் தயார். ஓர் ஆன்லைன் லெண்டர் கால் சதவீதம் குறைந்த வட்டிக்குத் தருகிறார். ஏஜென்ட்டோ தனக்குத் தெரிந்த உள்ளூர் லெண்டரிடம் போகச் சொல்கிறார். அவருக்கு அதில் கமிஷன் இருக்குமோ? லெண்டருக்காகப் போடும் வீட்டு மதிப்பீடு (அப்ரைசல்) எங்கள் விலையைவிடக் குறைந்தால் என்ன செய்வது?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் ஆள் அனுப்பி வைத்ததற்காக லெண்டர் ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுப்பதை 1974-ம் ஆண்டின் ரெஸ்பா சட்டம் தடை செய்கிறது. அவர் அப்படிச் சொல்ல வேறு காரணம் இருக்கலாம். ஞாயிறு இரவு நாலைந்து ஆஃபர்களை முன்னால் வைத்துக்கொண்டிருக்கும் விற்பவரின் ஏஜென்ட், உங்கள் லெண்டர் தந்த பிரீ-அப்ரூவல் (கடனுக்கு முன் ஒப்புதல்) கடிதத்தில் உள்ள நம்பருக்குப் போன் போட்டுப் பார்ப்பார். எடுப்பவர் "இவர்களின் சம்பளம், வரிப் படிவம் எல்லாவற்றையும் கடனை அங்கீகரிக்கும் அண்டர்ரைட்டர் பார்த்தாகிவிட்டது" என்று சொன்னால் உங்கள் ஆஃபருக்கு மதிப்புக் கூடும். கால் சென்டர் பாட்டு மட்டும் கேட்டால், சொல்ல வேண்டியதில்லை.

அதற்காகக் கால் சதவீதத்தை விட்டுவிடாதீர்கள். டவுன் பேமெண்ட் போக மீதி 5,12,000 டாலர் 30 வருடக் கடனில், 6.5 சதவீதத்துக்கும் 6.25-க்கும் மாதம் சுமார் 85 டாலர் வித்தியாசம். இரண்டு இடத்திலும் விண்ணப்பித்து லோன் எஸ்டிமேட் (வட்டி, கட்டண விவரத் தாள்) வாங்குங்கள். விண்ணப்பித்த மூன்று வேலை நாட்களுக்குள் லெண்டர் அதை அனுப்பியாக வேண்டும். ஆன்லைன்காரர் பாயிண்ட்ஸ் (வட்டியைக் குறைக்க முன்கூட்டியே கட்டும் கட்டணம்) போட்டு வட்டியைக் குறைத்துக் காட்டியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, அதை வைத்தே உள்ளூர்க்காரரிடம் பேரம் பேசுங்கள். 45 நாட்களுக்குள் எத்தனை லெண்டர்கள் கிரெடிட் பார்த்தாலும் அது ஒரே விசாரணையாகத்தான் பதிவாகும்.

இனி அப்ரைசல். மதிப்பீட்டாளர் ஏற்கெனவே விற்று முடிந்த வீடுகளை வைத்தே மதிப்புப் போடுகிறார். விலை வேகமாக ஏறும்போது அவர் கணக்கு சந்தைக்குப் பின்னால்தான் வரும். எந்த லெண்டராலும் "மதிப்பு கண்டிப்பாக வந்துவிடும்" என்று உறுதி சொல்ல முடியாது. சொன்னால் அவரை நம்பாதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு 6,10,000 வந்ததாக வைத்துக்கொள்வோம். லெண்டர் விலை, மதிப்பு இரண்டில் குறைந்ததைத்தான் எடுத்துக்கொள்வார். அதில் 80 சதவீதம் 4,88,000. மீதி 1,52,000 உங்கள் கையிலிருந்து. முதலில் நினைத்தது 1,28,000. ஆக, கூடுதலாக 24,000.

அந்தப் பணம் இல்லையென்றால் அத்தோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அதே 1,28,000-ஐயே போட்டு 5,12,000 கடன் கேட்கலாம். அது மதிப்பில் கிட்டத்தட்ட 84 சதவீதம். லெண்டர் ஒத்துக்கொண்டால் பிஎம்ஐ என்ற காப்பீட்டுக் கட்டணம் மாதாமாதம் சேரும். கடன் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் அதை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். வட்டியும் கொஞ்சம் மாறலாம் என்பதால், இப்படி ஆனால் தவணை எவ்வளவு என்று ஆஃபர் போடும் முன்பே லெண்டரிடம் கேட்டு வையுங்கள். 3.5 சதவீதம் மட்டுமே போட்டு எஃப்எச்ஏ கடன் (அரசு காப்பீடு உள்ள வீட்டுக் கடன்) எடுப்பவருக்கு இப்படிக் கடன் விகிதத்தை ஏற்றிக்கொள்ள இடம் கிடையாது.

மதிப்பு குறைந்தால் விலகிக்கொள்ள விடும் அப்ரைசல் கண்டின்ஜென்சி என்ற நிபந்தனையை முழுவதும் விட்டுக்கொடுப்பது எனக்குப் பிடிக்காது. டீல் முறிந்தால் எர்னஸ்ட் மணி என்ற முன்பணம் போய்விடலாம். "15,000 டாலர் வரை குறைந்தால் நாங்களே போடுகிறோம்" என்று வரம்பு போட்டு எழுதச் சொல்லுங்கள். அப்ரைசல் அறிக்கையின் நகல், வீடு கைமாறும் கிளோசிங்குக்கு மூன்று வேலை நாள் முன்பாவது கைக்கு வர வேண்டும். சதுர அடியோ பாத்ரூம் எண்ணிக்கையோ தப்பாக இருந்தால் லெண்டர் மூலம் மறுபரிசீலனை கேளுங்கள்.

கூடுதல் பணம் ஊரிலிருந்து அப்பாவோ அண்ணனோ அனுப்புவதாக இருந்தால், அப்ரைசல் வரும்வரை காத்திருக்காதீர்கள். கணக்கில் திடீரென்று வரும் பெரிய தொகைக்கு லெண்டர், திருப்பித் தர வேண்டாத பணம் என்று சொல்லும் கிஃப்ட் லெட்டரும் அனுப்பியவரின் வங்கி ஆதாரமும் கேட்பார்.