கட்டட அனுமதி: இந்த முறை வந்த கேள்விகள்

சர்வே எண்ணையும் மனை அளவையும் எழுதி அனுப்புங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். இந்த முறையும் பாதிக் கடிதங்களில் இல்லை. அவற்றுக்கு என்னால் முடிந்த அளவில் பதில்.

ஐயா, 30க்கு 40 மனை, டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் உள்ளது. கீழே ஒன்று, மேலே ஒன்று கட்ட நினைக்கிறோம். விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே எழுதிக் கொடுக்கும் சுயசான்று முறையில் அனுமதி கிடைக்குமா? (சத்துவாச்சாரி)

கிடைக்கும். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும், உயரம் 7 மீட்டருக்குள் என்றால் 2024 ஜூலை முதல் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. ஆனால் அதிகாரிகள் வந்து பார்க்கவில்லை என்பதற்காக விதி தளர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். செட்பேக், அதாவது கட்டடத்தைச் சுற்றிக் காலி இடம், விட்டிருக்கிறேன் என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். அளந்து பார்த்து இல்லையென்றால் மாட்டுவதும் நீங்கள்தான்.

கோட்டைக்கு அருகில் எங்கள் பூர்வீக வீடு. மாடி எடுக்க மாநகராட்சியில் மனு கொடுத்தால் போதுமா? (வேலூர்)

போதாது. வேலூர் கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானமே கூடாது. மாடி எடுப்பதும் அதில் சேரும். பழுதுபார்க்கக்கூட அனுமதி வேண்டும். அதைத் தாண்டி இன்னொரு 200 மீட்டருக்குத் தடையில்லாச் சான்று வாங்கிக் கட்டலாம். நீங்களாக மதிலிலிருந்து டேப் வைத்து அளந்துவிடாதீர்கள். எல்லை எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அனுமதி வாங்க மொத்தம் எவ்வளவு செலவாகும்? (ஊர் எழுதவில்லை)

எந்த ஊர், எத்தனை சதுர அடி, வீடா கடையா? எதுவும் இல்லாமல் நான் என்ன ஜோசியமா சொல்ல?

பள்ளிகொண்டா பக்கம் 6 சென்ட் மனை பார்த்திருக்கிறோம். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்கிறார்கள். தலைவர் முத்திரை வைத்த லேஅவுட் (மனைப்பிரிவு வரைபடம்) நகலும் கொடுத்தார்கள். ரிஜிஸ்டர் ஆகும் என்று புரோக்கர் உறுதி சொல்கிறார். வாங்கலாமா? (அணைக்கட்டு)

வாங்காதீர்கள். மாதம் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது, ஊர்தான் மாறுகிறது.

நிலத்தை மனைகளாகப் பிரிக்க நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். அது வந்த பிறகுதான் பஞ்சாயத்துக்கு வேலை. தலைவர் முத்திரை மட்டும் உள்ள தாளுக்கு, ஜெராக்ஸ் எடுத்த காசுதான் மதிப்பு. நீங்கள் அனுப்பிய நகலையே பாருங்கள். வட்ட முத்திரை இருக்கிறது, ஒப்புதல் எண் இல்லை, தேதி இல்லை. பூங்கா என்று பச்சை அடித்த இடத்தின் மேலேயே யாரோ பேனாவால் 41 என்று மனை எண் போட்டிருக்கிறார்கள்! முறையான லேஅவுட்டில் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால் பத்தில் ஒரு பங்கு பொது இடத்தையும் அப்படியே. அந்தப் பத்திரம் எங்கே என்று கேளுங்கள், புரோக்கர் பேச்சை மாற்றுவார்.

ரிஜிஸ்டர் ஆகும் என்கிறாரே, எப்படி என்று கேட்டீர்களா? 2016இல் உயர்நீதிமன்றம் தடை போட்ட பிறகு, அங்கீகாரமில்லாத புது மனையை மனை என்று பதிய முடியாது. அதனால் ‘புன்செய் நிலம், இத்தனை சென்ட்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். உங்கள் கையில் வருவது நிலம், வீட்டுமனை அல்ல. பிளான் அப்ரூவல் கிடைக்காது, வங்கிக் கடன் கிடைக்காது. பிறகு கட்டணம் கட்டி வரைமுறைப்படுத்திக்கொள்ளலாம் (அங்கீகாரம் வாங்கிக்கொள்ளலாம்) என்பார்கள். அந்தத் திட்டம் 2016 அக்டோபர் 20 வரைக்கும் விற்றுப் பதிவான மனைகளுக்கானது. நேற்று கல் நட்ட மனைக்கு இல்லை. பக்கத்து மனையில் வீட்டுவரி ரசீது இருக்கிறது, கரண்ட் இருக்கிறது என்பதும் அப்ரூவல் ஆகாது.

அட்வான்ஸுக்கு முன்னால் அப்ரூவல் எண். எத்தனை தடவை எழுதினாலும் இதுதான்.

ஏரிக்கரையை ஒட்டி மனை வருகிறது. ஏரியில் தண்ணீர் நின்றே பல வருடமாகிறது. பயமில்லைதானே? (கழிஞ்சூர்)

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் எப்படி வந்தது என்று பார்த்த ஊர்க்காரரா இதைக் கேட்கிறீர்கள்? தண்ணீர் இருக்கிறதா என்பது பேச்சில்லை, கிராம வரைபடத்தில் ஏரி என்றிருக்கிறதா என்பதுதான். நீர்நிலையிலிருந்து 15 மீட்டருக்குள் கட்ட அனுமதி எதிர்பார்க்காதீர்கள். மனைக்குள் வரத்துக்கால்வாய் ஓடுகிறதா என்று எஃப்.எம்.பி. (புல அளவை வரைபடம்) எடுத்துப் பாருங்கள். அப்புறம், அட்வான்ஸுக்கு முன்னால் அப்ரூவல் எண்.

வீட்டுக்கென்று அனுமதி வாங்கிய கட்டடம். சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளுக்கு நாள் வாடகைக்கு அறை விடலாமா? ஸ்டில்ட்டில் (தூண்கள் மட்டும் உள்ள கீழ்த்தளத்தில்) இரண்டு அறை கூடுதலாகப் போட இடம் இருக்கிறது. (காகிதப்பட்டறை)

மாத வாடகைக்குக் குடும்பம் வைப்பது வேறு, நாள் வாடகை லாட்ஜ் வேறு. பயன்பாட்டை மாற்ற அனுமதி, வாகன நிறுத்தம், தீயணைப்பு எல்லாம் புதிதாகப் பார்ப்பார்கள். வரியும் மின்கட்டணமும் வணிக வீதத்துக்குப் போகும். ஸ்டில்ட் ‘இடம்’ அல்ல, வண்டி நிறுத்தக் கொடுத்த அனுமதி. அங்கே சுவர் எழுப்பினால் முதல் நோட்டீஸ் அதற்குத்தான் வரும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓர் அங்குலம்கூட விடாமல் எங்கள் சுவரை ஒட்டிக் கட்டுகிறார். சொன்னால் சண்டைக்கு வருகிறார். (தொரப்பாடி)

அவருடன் பேசி ஆகப்போவதில்லை. கூரை போடுவதற்குள் ஆணையருக்குப் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், தேதி தெரியும்படி படம் எடுங்கள், 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அவருடைய வரைபட நகலைக் கேளுங்கள். பணி நிறுத்த நோட்டீஸும் சீல் வைக்கும் அதிகாரமும் சட்டத்தில் இருக்கின்றன. குடிபோன பிறகு நகர்த்துவது கஷ்டம்.

இரண்டு வீடு கொண்ட கட்டடத்துக்கு மின் இணைப்பு வாங்கப் பணி முடிப்புச் சான்று வேண்டுமா? (காட்பாடி)

வேண்டாம். எட்டு வீடு, சுமார் 8,000 சதுர அடி வரை விலக்கு உண்டு. அனுமதி வாங்கியிருக்கிறீர்கள்தானே? அதை எழுதவே இல்லையே.