மாஸ்டர் பதில்கள்: யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது?

மாஸ்டர், இந்தியக் கால்பந்து அணிக்கு நானே ஒரு பதினொரு பேர் பட்டியல் போட்டிருக்கிறேன். முன்னால் சுனில் சேத்ரி, சாங்தே, மன்வீர் சிங், லிஸ்டன் கொலாசோ. எப்படி?
(கல்லூரி மாணவர், திருநகர்)

பார்க்க அழகாக இருக்கிறது தம்பி. நாலு மாப்பிள்ளையை மேடையில் உட்கார வைத்துவிட்டு, பந்தியில் பரிமாற ஆள் வைக்காத கல்யாணம். நடுவில் நீங்கள் நிறுத்தியிருக்கும் இரண்டு பேருமே பாஸ் கொடுக்கிறவர்கள். பந்து எதிராளி காலுக்குப் போனால் பிடுங்கப் போவது யார்?

நான் பெயர்களை ஜோடி ஜோடியாகத்தான் எழுதுவேன். ஒரு ஸ்டாப்பர் (கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவர்) ஏறிப்போய்த் தலையால் முட்டுகிறவர் என்றால், அடுத்தவர் பின்னால் நிற்கிறவராக இருக்க வேண்டும். இடது பேக் (இடது ஓரத்தில் தடுக்கிறவர்) அடிக்கடி ஏறுவார் என்றால் அவருக்கு முன்னால் அதே ஓரத்தில் ஆடும் விங்கர் இறங்கி வரத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கால் கணக்கும் உண்டு. காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வாருங்கள், காட்டுகிறேன். இடது ஸ்டாப்பர் இடத்தில் வலதுகால் பையனை நிறுத்தினால், கீப்பர் உருட்டிவிட்ட பந்தை வாங்கி, உடம்பைத் திருப்பி, காலைச் சரிசெய்து ஓரத்துக்கு அனுப்புவதற்குள் எதிர் ஃபார்வர்ட் மேலே வந்து விழுந்துவிடுகிறான். இடதுகால் பையன் வாங்கிய வேகத்திலேயே தட்டிவிடுகிறான். ஆட்டத்திறமையில் இவன் ஒரு மாற்றுக் குறைவாக இருந்தாலும் அந்த இடத்துக்கு இவன்தான்.

1962இல் ஒரு ஸ்டாப்பரை ஃபார்வர்டாக இறக்கி நாம் தங்கம் ஜெயித்தோம் என்று என் தாத்தா சொல்வார். கதையா, நிஜமா?
(வாசகர், மேலூர்)

நிஜம். ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. கோச் ஹைதராபாத்காரர் சையத் அப்துல் ரஹீம், வாத்தியார் வேலை பார்த்தவர் (எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்). முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று அடித்தோம். ஆனால் அதில் நம் ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்கு மண்டையில் அடிபட்டுத் தையல் போடும்படி ஆயிற்று. ஜப்பானை 2-0 என்று ஜெயித்த ஆட்டத்தில் அவர் இல்லை.

அரையிறுதிக்குத்தான் ரஹீம் அந்தக் காரியத்தைச் செய்தார். தையல் பிரியாத தலையோடு ஜர்னைலை சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். தென் வியட்நாமை 3-2 என்று ஜெயித்ததில் ஒரு கோல் அவருடையது. செப்டம்பர் 4 இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே கொரியா. பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2-1.

எல்லாரும் ஜர்னைல் கதையோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய துணிச்சலாகத் தெரிவது கீப்பர் விஷயம். அரையிறுதியில் நின்றவர் பிரத்யுத் பர்மன். ஜெயித்த அணியின் கீப்பரை இறுதி ஆட்டத்தில் எந்தக் கோச்சும் சுலபத்தில் தொட மாட்டார். ரஹீம் அவரை உட்கார வைத்துவிட்டு, காய்ச்சலில் படுத்து எழுந்த பீட்டர் தங்கராஜை இறக்கினார். ஆறடிக்கு மேல் உயரம். மேலே வருகிற பந்துக்கு அந்தக் கைதான் வேண்டும் என்று பார்த்திருக்கிறார். இப்போது மாதிரி ஐந்து பேரை மாற்றிக்கொள்ளும் வசதியும் அன்றைக்கு இல்லை. அந்த நேரத்தில் ரஹீமே புற்றுநோயோடு இருந்தார். 1963 ஜூனில் காலமானார்.

பெரிய நட்சத்திரம் என்பதற்காகவே ஒருவரை இறக்கத்தான் வேண்டுமா?
(வாசகர், செல்லூர்)

நம் ஊர் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) டோர்னமென்டில் கோப்பைக்குக் காசு கொடுத்தவர் மகன் எப்படியும் இறங்கிவிடுவான், அதை விடுங்கள். 2022 உலகக் கோப்பையில் ரொனால்டோவை பெஞ்சில் வைத்துவிட்டு கொன்சாலோ ராமோஸை இறக்கினார் போர்ச்சுகல் கோச். ராமோஸ் மூன்று கோல், சுவிட்சர்லாந்து 6-1 என்று காலி. கோச்சைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அடுத்த ஆட்டத்திலும் ரொனால்டோ பெஞ்சில்தான். மொராக்கோ 1-0 என்று ஜெயித்தது, அதே கோச்சைத் திட்டினார்கள். என்னைக் கேட்டால் இரண்டு முறையும் அவர் செய்தது சரி.

நாற்பது வயதில் சேத்ரியைத் திரும்ப அழைத்தது நியாயமா?
(வாசகி, சிம்மக்கல்)

2024 ஜூனில் கொல்கத்தாவில் குவைத்தோடு ஆடி விடைபெற்றவர், 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக வந்து கோலும் போட்டுவிட்டார். அவர்மேல் குறை சொல்ல என்ன இருக்கிறது? நானாக இருந்திருந்தால் கடைசி அரை மணி நேரத்துக்கு வைத்துக்கொண்டிருப்பேன். கோளாறு வேறு இடத்தில். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கிளப்புகள் சென்டர் ஃபார்வர்ட் இடத்தை பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்களுக்கே கொடுக்கின்றன. நம் பையன் ஓரத்துக்குப் போய்விடுகிறான். அப்புறம் தேசிய அணிக்கு அந்த இடத்தில் ஆள் எங்கிருந்து வரும்?

என் மகளுக்கு ஃபார்வர்டாக ஆடத்தான் ஆசை. ஸ்கூல் மாஸ்டர் பேக்கில் நிறுத்துகிறார். வந்து அழுகிறாள். நான் போய்ப் பேசட்டுமா?
(ஒரு அம்மா, திருமங்கலம்)

வேண்டாம்மா. மேலே சொன்ன தங்கராஜே ஆரம்பத்தில் சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர்தான். 2025 ஜூலையில் தாய்லாந்தை 2-1 என்று ஜெயித்து நம் பெண்கள் அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றதே, அந்த இரண்டு கோலையும் போட்ட சங்கீதா பாஸ்ஃபோர் நடுக்கள ஆட்டக்காரர். பேக்கில் ஒரு சீசன் ஆடட்டும். எந்த மாதிரி ஃபார்வர்ட் வந்தால் பேக் திணறுவார் என்பது தானாகத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் மாஸ்டரிடம் அவளே கேட்கட்டும். நீங்கள் மேட்ச் பார்க்கப் போகும்போது மட்டும், ஓரத்தில் நின்றுகொண்டு "ஏறு, ஏறு" என்று கத்தாதீர்கள்.